வளவும் வெளியும்: கல்முனைக் கரையோரத்திற் பெண்பிள்ளைகளும் விளையாட்டும்

விளையாட்டின் வரலாறு எம்மவர் ஆய்வுகளில் ஓரத்தில் நிற்கும் ஒரு துறையாகும். அதுபற்றி எழுதப்பட்டனவும் பெரும்பாலும் வெற்றி பெற்றோரின் பெயர்ப்பட்டியல்களாகவே அமைந்துள்ளன. வென்றவர் யார் என்று கூறும் அவ்வரலாறு, மைதானத்திற்கே வராதவர் யார், அவர் ஏன் வரவில்லை என்னும் வினாக்களை எழுப்புவதில்லை. ஒரு சமூகம் தன் பெண்பிள்ளைகளுக்கு எவ்வளவு இடத்தையும் எவ்வளவு நேரத்தையும் ஒதுக்குகின்றது என்பதை அளந்தறிய விளையாட்டைப் போலத் தெளிவான அளவுகோல் பிறிதொன்று கிடைப்பது அரிது. அவ்வளவுகோலைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட பிரதேசத்தை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் களம், பெரியநீலாவணையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கல்முனைக் கரையோரமாகும். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, அதன் வடக்குக் கரையோர எல்லை ஊராகப் பெரியநீலாவணை அமைந்தது. கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் நிற்க, இடையே ஒடுங்கிய மணல்நிலத்தில் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். இங்கிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு எனத் தமிழர் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்துத் தொடர்கின்றன. ஈழத்துக் கவிதையைப் பயில்வோர் பெரியநீலாவணையை அதன் பெயரைத் தம் புனைபெயராக்கிக்கொண்ட கவிஞர் நீலாவணன் (கே. சின்னத்துரை, 1931–1975) வழியாக நன்கறிவர்.

இக்கரையோரத்தை நாம் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. பெண்ணின் வழியே குடியும் வீடும் கைமாறும் சமூகம் இது. எனவே பெண்ணுக்குச் சொத்து இருந்தால் விடுதலையும் தானாக வந்துசேரும் என்னும் கருத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடமாகும். அடுத்து, பெண்பிள்ளையின் உடல் ஓடவும் நீந்தவும் பழகாதிருப்பதன் விலை எத்தகையது என்பது 2004இல் இக்கரையிலேயே புலனாயிற்று.

தாய்வழிக் குடியும் ஆண்வழி அதிகாரமும்

மட்டக்களப்புப் பிரதேசத்தின் பழைய வழக்காகிய முக்குவர் சட்டம், முதுசொம் தாய்வழியாகச் செல்வதை விதித்தது. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் அதனை நூலாகத் தொகுத்து வெளியிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியில் அச்சட்டம் நீதிமன்றங்களில் வழக்கிழந்தபோதிலும், அதன் அடிப்படையான சமூக அமைப்பு அழிந்துவிடவில்லை. ஒருவரின் குடி தாயின் குடியாகவே தொடர்ந்தது. திருமணத்தின்போது மகளுக்கு வீடும் வளவும் எழுதிக்கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வதும் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பொதுவழக்காயின. நூர் யல்மனும், அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்றேயும் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

எனினும் உரிமை வேறு, அதிகாரம் வேறு என்பதை இவ்வமைப்பு தெளிவாகக் காட்டுகின்றது. கோயிலில் வண்ணக்கர் பதவியும் பள்ளிவாசலில் மரைக்காயர் பதவியும் தாய்வழிக் குடிகளின் பிரதிநிதித்துவத்தோடு தொடர்புடையன. ஆனால் அப்பதவிகளில் அமர்ந்தோர் ஆண்களே. குடிப்பெருமை பெண் வழியே வந்தது. பொதுவிடத்தில் அதனை எடுத்தாண்டவன் அவளுடைய மாமனோ சகோதரனோ ஆவான். வளவு பெண்ணுக்கு உரியதாயிருந்தது. வளவுக்கு வெளியே கிடந்த சந்தியும் சந்தையும் திடலும் கடற்கரையும் அவளுக்கு உரியனவாயிருக்கவில்லை. விளையாட்டு நிகழ்வதோ அவ்வெளியிலேதான்.

அம்மன் பெயரால் ஆடவர் ஆடிய ஆட்டம்

இம்முரண்பாட்டின் மிகத் தெளிவான வடிவம் கொம்புமுறி விளையாட்டாகும். வித்துவான் வி. சீ. கந்தையா தமது 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) என்னும் நூலில் இப்பிரதேசத்தின் வாழ்வையும் கலைகளையும் தொகுத்துத் தந்துள்ளார். அத்தகைய நூல்களின் வழியாகவும் ஊர்வழக்கின் வழியாகவும் நாம் அறியும் கொம்பு விளையாட்டு, கண்ணகியம்மன் வழிபாட்டோடு இணைந்தது. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் கோவலனுக்கும் மறுபக்கம் கண்ணகிக்கும் உரியது. வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பர். கண்ணகியும் கோவலனும் பூப்பறிக்கச் சென்றவிடத்து அவர்களின் கொம்புகள் மாட்டிக்கொள்ள, இருவரும் இழுத்தமையே இதன் தோற்றம் என்பது ஐதீகம். மழை பொழியவும் நோய் நீங்கவும் இவ்விளையாட்டு நடத்தப்பட்டது.

இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், ஐதீகத்தில் ஒரு பெண் தன் கணவனுக்கு எதிரே நின்று, சரிநிகராகக் கொம்பிழுக்கின்றாள். அவளை வழிபட்ட ஊரில் அவளுடைய பக்கத்து வடத்தையும் ஆடவரே பிடித்தனர். தெய்வமாகிய பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட விளையாட்டு, மகளாகிய பெண்ணுக்கு அனுமதிக்கப்படவில்லை. எனவே, பெண் போட்டியில் இறங்குவது எமது பண்பாட்டிற்கு அந்நியமானது என்று கூறுவோர் தம் பண்பாட்டின் மூலக்கதையையே மறந்து பேசுகின்றனர் எனலாம்.

பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டே இருக்கவில்லை என்று கூறுதல் பொருந்தாது. ஊஞ்சல், கும்மி, கொக்கான், சோகி, கெந்தல் முதலியன அவர்களுக்குரியனவாயிருந்தன. ஆயின் அவை யாவும் ஒரு முற்றத்தினுள் அடங்கக்கூடியவை. போர்த்தேங்காயும் கிளித்தட்டும் வண்டிச் சவாரியும் ஊர்வெளியை வேண்டி நின்றன. திறமையையோ வலிமையையோ பார்த்து இப்பாகுபாடு எழவில்லை. ஊஞ்சலை உந்தி உயர ஆடுவதற்கு வேண்டிய துணிவும் உடல்வலுவும் சிறிதன்று. இடமே இங்கு ஆட்டத்தை வகுத்தது.

'குமர்' என்னும் நிலை

முற்றத்து விளையாட்டும் ஒரு வயதோடு முடிவுற்றது. பெண் பருவமெய்தியதும் அவள் 'குமர்' ஆகின்றாள். 'வீட்டில் குமர் இருக்கிறது' என்ற தொடர் இக்கரையோரத்தில் தமிழர் வாயிலும் முஸ்லிம்கள் வாயிலும் ஒரே கவலையோடு ஒலிப்பது. அத்தொடரில் பெண் பெயர் இழந்து, பொறுப்பாகவும் சுமையாகவும் மாறிவிடுகின்றாள். ஓடுதலும் உரத்துச் சிரித்தலும் வேலிக்கு வெளியே நிற்றலும் அன்றோடு நிறுத்தப்பட்டன. முன்னைய தலைமுறைகளிற் பலருக்குப் பாடசாலைக் கல்வியும் அன்றோடு நின்றது.

இதனைச் சமயத்தின் விளைவென்று மாத்திரம் கூறி அமைதல் போதாது. இரு வேறு சமயத்தார் ஒரே கட்டுப்பாட்டை ஒரே சொல்லால் நடைமுறைப்படுத்துவதாயின், அதன் வேர் சமயநூல்களுக்கு வெளியேயும் தேடப்படவேண்டும். 1963இல் வெளியான கட்டுரையொன்றில் நூர் யல்மன், இலங்கையிலும் மலையாளத்திலும் பெண்ணின் தூய்மை பற்றிய அக்கறையைச் சாதியமைப்போடும் குழுவின் உறுப்புரிமை பெண் வழியே செல்வதோடும் தொடர்புபடுத்தி விளக்கினார். அவ்விளக்கத்தை நாம் இவ்விடத்தில் மேலும் விரித்துக் கூறலாம். வீடும் வளவும் வயலும் மகள் மூலமாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்வதால், அவளுடைய திருமணம் இரு குடும்பங்களுக்கிடையிலான பெரும் சொத்துப் பரிமாற்றமாகின்றது. அப்பரிமாற்றத்திற்கு ஊறு விளைக்கும் ஒரு சிறு வதந்திக்கும் குடும்பம் அஞ்சுகின்றது. சொத்து அவள்மூலம் கைமாறியமையே அவள் காவலுக்கு உட்பட்டமைக்கு ஒரு முக்கிய காரணமாயிற்று.

இதனோடு உழைப்பும் சேர்கின்றது. மருதமுனையின் கைத்தறி நெசவு புகழ்பெற்றது. வீட்டோடு கூடிய அத்தொழிலிற் பெண்களின் கைகளும் ஓய்வின்றி இயங்கின. நெசவில்லாத வீடுகளிலும் சமையலும் தண்ணீரும் இளைய பிள்ளைகளின் பராமரிப்பும் மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழுந்தன. பாடசாலை விட்டதும் தம்பி பந்தோடு வெளியேறும் மாலைப்பொழுது, அக்காவுக்கு இரண்டாவது வேலைநாளின் தொடக்கமாகும். விளையாட்டுக்கு வேண்டிய முதற்பொருள் ஓய்வு என்பதை ஒப்புவோமாயின், அவளுக்கு இல்லாதிருந்தது யாதென்பது விளங்கும்.

பாடசாலை திறந்த சிறு வெளி

இக்கட்டமைப்பில் முதல் உடைப்பை ஏற்படுத்தியது பாடசாலையாகும். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் மெதடிஸ்த பணியைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாகப் பெண்கள் பாடசாலைகளும் எழுந்தன. கண்டியில் அறிஞர் சித்திலெவ்வை (1838–1898) முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கல்விக்காகப் போராடினார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் முயற்சிகளோடு இராமகிருஷ்ண மிஷன் இக்கரையோரக் கல்வியில் இறங்கிற்று. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாடசாலையை வசதி படைத்தோரின் எல்லையிலிருந்து விடுவித்தது. கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற நிறுவனங்கள் 1970களிலிருந்து முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கல்வியைப் பெருமளவில் விரிவாக்கின.

பாடசாலையோடு தேகாப்பியாசமும் வலைப்பந்தும் வந்தன. வலைப்பந்து இலங்கையில் 1921இல் கண்டியில் அறிமுகமாயிற்று என்பர். 1960இல் அவ்விளையாட்டின் உலகப் பொதுவிதிகளை வகுக்கப் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடியதும் இலங்கையிலேயே. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போணில் நடைபெற்ற முதலாவது உலகப் போட்டியில் இலங்கைப் பெண்கள் பங்குபற்றினர். 1989இல் ஆசிய வெற்றிக்கிண்ணத்தை வென்ற அவர்கள் 2009, 2018, 2022 உட்படப் பல தடவைகள் அதனை மீண்டும் வென்றனர். 2009ஆம், 2018ஆம் ஆண்டுகளின் அணிகளில் முக்கிய இடம்பெற்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணாகிய தர்ஜினி சிவலிங்கம் என்பது யாவரும் அறிந்ததே.

இவ்வெற்றிகளை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். ஆனால் விதிவிலக்குகளைக் காட்டி விதியை மறுத்தலாகாது. பாடசாலை தந்த வெளி, பாடசாலையின் மதிலோடும் பாடசாலைப் பருவத்தோடும் முடிவடைந்தது. இல்ல விளையாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்ற பிள்ளை வலயமட்டப் போட்டிக்குச் செல்ல வேண்டுமாயின் பயணம் வேண்டும், துணைவர ஆசிரியை வேண்டும், பெற்றோரின் சம்மதம் வேண்டும், கூச்சமின்றி அணியத்தக்க உடை வேண்டும், ஆடை மாற்றவும் மாதவிலக்கு நாட்களில் பயன்படுத்தவும் ஒதுக்கிடம் வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒன்று இல்லாதொழியின் அவளுடைய ஓட்டம் அவ்விடத்தே நின்றுவிடுகின்றது. ஆண்பிள்ளை பாடசாலையை விட்ட பின்னரும் ஊர் விளையாட்டுக் கழகத்தில் இணைகின்றான். பெண்பிள்ளை இணையக்கூடிய கழகம் இவ்வூர்களில் அரிது. 1980களிலிருந்து 2009 வரை நீடித்த போரும், அதனிடையே தமிழரையும் முஸ்லிம்களையும் பிரித்த வன்செயல்களும், ஆட்சேர்ப்பு அச்சமும் பெண்பிள்ளைகளை மேலும் வீட்டுக்குள் தள்ளின.

தடையின் உலகப் பொதுமை

இத்தடைகளைக் கீழைத்தேயத்தின் பின்தங்கிய நிலை என்று கருதுவோரும் உளர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடிய பின்னர், அத்தூரம் பெண்ணுடலுக்கு ஒவ்வாதெனக் கூறி அப்போட்டி 1960வரை நீக்கப்பட்டது. ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன் ஓட 1984வரை காத்திருக்க நேர்ந்தது. இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் 1921இல் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிற்று. அத்தடை அரை நூற்றாண்டு நீடித்தது. மைதானத்தை மூடுதல் என்ற உத்தி லண்டனுக்கும் கல்முனைக்கும் பொதுவானது.

தடை எதிர்த்திசையிலிருந்தும் வரலாம். 2011இல் ஈரான் பெண்கள் காற்பந்தாட்ட அணி, தலையை மறைக்கும் ஆடையின் காரணமாக ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியொன்றில் விளையாட அனுமதிக்கப்படவில்லை. உலகக் காற்பந்துச் சம்மேளனம் 2014இலேயே அத்தடையை முற்றாக நீக்கிற்று. மூடாவிடின் ஆடக்கூடாது என்று ஓர் அதிகாரமும் மூடினால் ஆடக்கூடாது என்று பிறிதோர் அதிகாரமும் கட்டளையிட, பிள்ளை மைதானத்தின் வெளியே நிற்கின்றாள். அவளுடைய உடையைப் பற்றி அவளைத் தவிர ஏனையோர் யாவரும் தீர்ப்பளிக்கின்றனர். 1984இல் மொறோக்கோவின் நவால் எல் முத்தவக்கல் 400 மீற்றர் தடைதாண்டலிலே தங்கப்பதக்கம் வென்றார். 2016இல் அமெரிக்காவின் இப்திஹாஜ் முஹம்மத் தலையை மறைத்த வண்ணமே வாட்போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். இவ்விருவரும் முஸ்லிம் பெண்கள் என்பது இங்கு நினையத்தக்கது.

சட்டத்தளத்தில் எமது நாட்டிற்குக் கடப்பாடு உண்டு. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடைசெய்வதோடு, பெண்களின் முன்னேற்றத்திற்கான விசேட ஏற்பாடுகளையும் அனுமதிக்கின்றது. பெண்களுக்கெதிரான சகல பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான 1979ஆம் ஆண்டின் சமவாயம், விளையாட்டிலும் உடற்கல்வியிலும் ஈடுபடச் சமவாய்ப்பைப் பத்தாம் உறுப்புரையில் வலியுறுத்துகின்றது. இலங்கை அதனை 1981இல் ஏற்றுறுதி செய்தது.

2004 டிசெம்பர் 26

விளையாட்டு ஓர் ஆடம்பரம். வறுமையும் வேலையின்மையும் நிலவும் பிரதேசத்தில் அதுபற்றிப் பேசுதல் வீண் என்பார் உளர். அவர்களுக்கான விடையைக் கடல் தந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கை மாவட்டங்களுள் மிகக் கூடிய உயிர்களை இழந்தது அம்பாறையே. பெரியநீலாவணை முதற்கொண்டு இக்கரையோர ஊர்கள் பேரழிவுக்குள்ளாயின.

அம்பாறை மாவட்டத்தின் 13 முகாம்களில் தங்கியிருந்த 859 குடும்பங்களைச் சேர்ந்த 3,533 பேர் பற்றிய மருத்துவ ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. அக்குடும்பங்களின் ஆண்களுள் 8.2 வீதத்தினர் இறந்திருந்தனர், பெண்களுள் 17.5 வீதத்தினர் இறந்திருந்தனர். அலை வந்தவேளை வீட்டினுள் இருந்தமையும் இறப்பின் வாய்ப்பைக் கூட்டியதென அவ்வாய்வு கண்டது. ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கை, இலங்கையில் நீந்தவும் மரமேறவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்படுகின்றது என்பதைச் சுட்டிக்காட்டிற்று.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பலவாகும். பெண்கள் குழந்தைகளைச் சுமந்து ஓடினர், அவர்களைத் தேடித் திரும்பி ஓடினர். காலைச் சமையல்வேளையில் வீட்டினுள் இருந்தனர். உடையும் நீண்ட கூந்தலும் தடையாயின. எல்லா இறப்புகளையும் நீச்சலின்மையின் கணக்கில் எழுதுதல் ஆய்வு நேர்மையாகாது. ஆயினும் கடலுக்கும் வாவிக்கும் இடையே பிறந்து, இரு பக்கமும் நீரைக் கண்டு வளர்ந்த ஒரு பெண் நீந்தத் தெரியாதிருந்தமை இயற்கையின் செயலன்று. அவளுடைய சகோதரன் வாவியிற் குதித்து நீந்தப் பழகிய அதே வயதில் அவள் வளவுக்குள் அழைக்கப்பட்டாள். அவளைக் காப்பதற்கென்று சமூகம் வகுத்த எல்லை, காக்கவேண்டிய நாளில் அவளைக் காக்கவில்லை.

அழிவின் பின்னர் நிகழ்ந்ததொன்றும் இங்கு குறிப்பிடத்தக்கது. மீளக் கட்டப்பட்ட வீடுகளின் உரித்து, 'குடும்பத் தலைவர்' என்னும் நிருவாகக் கருத்தின்படி ஆண்களின் பெயரில் எழுதப்படலாயிற்று என்பதையும், அது இப்பிரதேசத்தின் தாய்வழி வழக்கோடு முரண்பட்டமையையும் ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். வெளி எக்காலத்தும் அவளுடையதாயிருக்கவில்லை. வளவும் இப்போது ஐயத்துக்குரியதாயிற்று.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் நாம் பெறும் முடிபு இதுவாகும்: கல்முனைக் கரையோரத்தில் பெண்பிள்ளை விளையாட்டிலிருந்து விலக்கப்பட்டமை, மாறாத பண்பாடு என்னும் பெயரால் விளக்கப்படத்தக்கதன்று. சொத்துப் பரிமாற்றம், ஊதியமற்ற உழைப்பு, பொதுவெளியின் மீதான ஆணதிகாரம், பாடசாலை வசதிகளின் போதாமை, போர் ஆகிய வரலாற்றுக் காரணிகளால் அது உருவாயிற்று. வரலாற்றில் உருவானது வரலாற்றில் மாறத்தக்கதே. இதே அம்பாறைக் கரையின் தென்பகுதியில், அறுகம்பையில், 2018இல் உள்ளூர்ப் பெண்கள் தமக்கென அலைச்சறுக்குக் கழகமொன்றை அமைத்தமை இதற்குச் சான்றாகும். தாய்மாரும் அதில் அலையேறினர் என்பது சிறப்பாகக் கருதத்தக்கது.

செய்யவேண்டுவன அரியனவல்ல. கடலோரப் பாடசாலைகளில் நீச்சற் பயிற்சி, எண்ணும் எழுத்தும் போல், ஆண் பெண் இருபாலார்க்கும் கட்டாயமாதல் வேண்டும். பொதுமக்கள் பணத்திற் பராமரிக்கப்படும் மைதானங்களில் வாரத்தின் சில மாலைகள் பெண்களுக்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். உடற்கல்வி ஆசிரியைகள் போதியளவு நியமிக்கப்படுதல் வேண்டும்; உடையைத் தெரியும் உரிமை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் விடப்படுதல் வேண்டும். இவற்றோடு, மாலை வேளையின் வீட்டுவேலை மகனுக்கும் மகளுக்கும் பகிரப்படாத வரையில், எந்த மைதானமும் அவளுக்குத் திறந்திருப்பதாகக் கொள்ள இயலாது.

இவ்வாய்வு முழுமையானதன்று. இப்பிரதேசத்துப் பெண்கள் பாடசாலைகளின் விளையாட்டுப் பதிவேடுகளும், கல்லூரி மலர்களும், முதிய பெண்களின் நினைவுகளும் இன்னும் தொகுக்கப்படாதுள்ளன. தாம் எந்த வயதில் ஓடுவதை நிறுத்தினோம், யார் நிறுத்தினார் என்று அம்மூதாட்டிகளே கூறக் கேட்டு எழுதுதல், எமது பல்கலைக்கழக மாணவர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். 2004இல் அச்சாட்சிகளிற் பலரை நாம் இழந்துவிட்டோம். எஞ்சியோரின் கூற்றுக்களையும் இழந்துவிடலாகாது.